அனிச்சைச் செயலும் மனிதன் நடத்தையும்

மனிதன் எண்ணிச் செய்வன எவை, எண்ணாமலே அவன் உடல் செய்துவிடுவன எவை என்னும் வினா மிகப் பழையது. முள்ளை மிதித்த கால், வலியென்று நாம் உணருமுன்னரே மேலெழுகின்றது. முகத்தெதிரே கை வீசப்படின் இமை தானே மூடுகின்றது. இவற்றை அனிச்சைச் செயல் என்பர். சிறியனவாகத் தோன்றும் இவற்றைக் கொண்டே மனித நடத்தை முழுவதையும் விளக்கிவிடலாமென்று உளநூலார் பலர் துணிந்தனர். அத்துணிபு முற்றும் உண்மையாயின், 'யான் செய்தேன்' என்று ஒருவன் கூறுதற்குப் பொருளே இராது. ஆதலின் அதனைச் சிறிது ஆராய்வோம்.

1650-இல் மறைந்த பிரெஞ்சு ஞானியாகிய டேக்கார்ட், கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் மணி அடிப்பதுபோல, நெருப்புச் சுட்டதும் நரம்பின் வழியே மூளை கிளர்ந்து காலை மீட்கின்றதென்றார். விலங்குகள் வெறும் இயந்திரங்களே என்றும், மனிதனுக்கு மட்டும் ஆன்மா உண்டென்றும் அவர் ஒரு வரம்பு வகுத்தார். 1863-இல் ருஷிய நாட்டுச் செச்செனாவ் அவ்வரம்பை அழித்து, எண்ணமும் அனிச்சைச் செயலே, அதன் இறுதியாகிய அசைவு மட்டும் அடக்கப்பட்டுள்ளது என்று எழுதினார். உணவின் செரிமானத்தை ஆராய்ந்து 1904-இல் நோபெல் பரிசு பெற்ற பாவ்லாவ், உணவுக்கு முன் ஓர் ஒலியைப் பன்முறை கேட்பித்தால், பின்னர் அவ்வொலி ஒன்றே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறச் செய்யும் எனக் காட்டியது யாவரும் அறிந்ததே.

அமெரிக்கராகிய வாட்ஸன் இதனை மக்கள்மேல் ஏற்றினார். 1920-இல் அவரும் ரேனர் என்னும் அம்மையாரும், பதினொரு திங்கட் குழவி ஒன்று வெள்ளெலியைத் தொடுந்தோறும் அதன் பின்னே இருப்புக் கோலைச் சம்மட்டியால் அடித்து ஒலியெழுப்பினர். நாளடைவில் எலியைக் கண்ட மாத்திரத்தில் குழவி அழுதது. முயலைக் கண்டும் அஞ்சியது. அவ்வச்சத்தை நீக்காமலே குழவியைப் போகவிட்டனர். இதனை அறிவின் வெற்றி என்று கொண்டாட எமக்கு மனம் வரவில்லை.

இவ்விருவருக்கும் முன்னரே, 1896-இல், ஜான் டூயி என்பார் இக்கொள்கையின் அடிப்படையையே அசைத்துவிட்டார். மெழுகுவர்த்தியின் சுடரைக் கண்ட குழந்தை கையை நீட்டுகின்றது, சுடுகின்றது, கையை இழுத்துக்கொள்கின்றது. ஒளி ஒரு தூண்டல், நீட்டல் அதன் மறுவினை. சூடு வேறொரு தூண்டல், இழுத்தல் அதன் மறுவினை என்று பிரித்தனர் முன்னையோர். டூயியோ, தொடக்கம் ஒளியன்று, பார்த்தல் என்னும் செயலே என்றார். கை நீளும்பொழுதும் கண் அதனை நடத்திச் செல்கின்றது. சுட்டபின், முன்பு கண்ட அவ்வொளியே 'துன்பந்தரும் ஒளி'யாகக் குழந்தைக்குப் பொருள் மாறிவிடுகின்றது. ஆகவே தூண்டலும் மறுவினையும் இரு துண்டுகளல்ல, ஒரே செயலின் இரு கூறுகள். படித்துக்கொண்டிருப்பவன் கேட்கும் ஓசையும், இருளில் தனித்துக் காவலிருப்பவன் கேட்கும் ஓசையும் ஒன்றாகுமோ? செவியில் விழுவது ஒன்றேயாயினும், கேட்பவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதே அதனை இன்ன தூண்டல் என்று ஆக்குகின்றது.

பின்வந்த ஆராய்ச்சிகள் டூயியின் பக்கமே சாய்ந்தன. வல்ல பியானோக் கலைஞரின் விரல்கள் செல்லும் வேகத்தில், ஓர் அசைவின் உணர்வு மூளைக்குச் சென்று அடுத்ததனைத் தூண்ட நேரமே இல்லையென்றும், வரிசை முழுவதும் முன்னரே மூளையில் அமைந்திருத்தல் வேண்டுமென்றும் 1951-இல் லாஷ்லி காட்டினார். 1968-இல் ரெஸ்கார்லா எலிகளுக்கு ஒலியையும் மின்னதிர்ச்சியையும் சேர்த்தளித்தார். ஒலியில்லாத வேளையிலும் அதிர்ச்சி அதே அளவில் நேர்ந்தபோது, அவை ஒலிக்கு அஞ்சவில்லை. இரண்டும் ஒருங்கு நிகழ்ந்தால் மட்டும் போதாது; ஒன்று மற்றொன்றை அறிவிக்கின்றதா என்பதையே எலியும் கற்கின்றது.

இனி, ஐயமற்ற அனிச்சைச் செயல் ஒன்றையேனும் காண்போம். வைத்தியர் முழங்காலின் கீழ்ச் சிறு சுத்தியால் தட்டக் கால் துள்ளுகின்றது. இதனினும் எளியது உடலில் அரிது. இரண்டே நரம்பணுக்கள் இதற்குப் போதும். துள்ளல் தெளிவாகத் தோன்றாதபோது, இரு கைவிரல்களையும் கோத்து வலிந்து இழுக்குமாறு வைத்தியர் நோயாளியிடம் சொல்வர். கைகள் இழுக்குங்கால், அதே தட்டலுக்குக் கால் முன்னினும் உயரத் துள்ளுகின்றது.