தாங்கி நிறைய பெற்றோல் இருந்தும் வண்டி ஏன் நிற்கிறது?

பீலியில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகத் தொடங்கினால் நாம் என்ன செய்வோம்? பீலியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டோம். யாராவது ஒருவர் மேலே ஏறிப்போய், தொட்டி வாயில் இலை தழை அடைத்திருக்கிறதா, குழாய்க்குள் காற்றுப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். ஏனென்றால் அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட மோட்டார் எதுவும் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தன் சொந்தப் பாரத்தால் இறங்கி வருகிற தண்ணீர் அது. வழியில் ஒரு கைப்பிடி குப்பை சேர்ந்தாலே போதும், லயத்தில் குடம் நிறையாது.

பழைய பெற்றோல் டிரக்டர்களிலும் இதே கதைதான். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட சாம்பல் நிற பேர்கசன் டிரக்டரைப் பற்றிப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். டி.இ.20 என்பது அதன் பெயர். ஐந்து இலட்சத்துக்கும் மேலான வண்டிகள் செய்யப்பட்டன. எவரெஸ்ட் மலை ஏறிய எட்மண்ட் ஹிலரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இந்த வகை வண்டிகளில்தான். அமெரிக்காவில் 1939 முதல் 1952 வரை வந்த போர்ட் 'என்' வகை டிரக்டர்கள் இதற்கு அண்ணன் தம்பி முறை. இவற்றின் பெற்றோல் வண்டிகளில் பெற்றோல் பம்ப் கிடையாது. இஞ்சினுக்கு மேலே, மூடிக்குக் கீழே தாங்கி இருக்கும். அதன் அடியில் ஒரு திருகு பைப், அதற்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பை. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் காபரேட்டருக்குப் போகும். அவ்வளவுதான்.

"எங்க தோட்டத்துல இந்த வண்டியே இல்லையே, எதுக்கு இந்தப் பாடம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இன்று கொழுந்து ஏற்றுகிற நாலு சில்லு டிரக்டர்கள் பெரும்பாலும் டீசல் வண்டிகள். அவற்றில் எண்ணெயைத் தள்ள பம்ப் உண்டு. ஆனால் மரக்கறித் தோட்டத்தில் ஓடுகிற லேண்ட் மாஸ்டர், தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் இஞ்சின், கோயில் திருவிழாவுக்கு எடுக்கிற சின்ன ஜெனரேட்டர் ஆகியவற்றில் தாங்கி மேலே இருக்கும், எண்ணெய் தானாக இறங்கும். பழைய பேர்கசனில் எல்லாம் கண்ணாடிக்குள் கண் முன்னால் தெரிவதால், பாடம் படிக்க அதுவே நல்ல வண்டி. அதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

முதலில் ஒரு கணக்கு. தாங்கிக்கும் காபரேட்டருக்கும் உள்ள உயரம் ஏறக்குறைய ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் பெற்றோல் கொடுக்கும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு அரை இறாத்தல் கூட வராது. பம்ப் வைத்த பழைய கார்களில் இது மூன்று நான்கு இறாத்தல் இருக்கும். காரில் பாதி அடைத்த பில்டரைக்கூட பம்ப் தள்ளித் தள்ளி ஓட்டிவிடும். இங்கே தள்ள ஆள் இல்லை. தாங்கியில் பெற்றோல் குறையக் குறைய அந்த அரை இறாத்தலும் குறையும். காலையில் தாங்கி நிறைய இருக்கும்போது நன்றாக ஓடிய வண்டி பின்னேரம் முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நோயின் குணத்தைப் பார்ப்போம். வண்டி ஸ்டார்ட் ஆகும். நின்ற இடத்தில் அழகாக ஓடும். சும்மா ஓட்டினாலும் குறை தெரியாது. பெட்டியில் பாரம் ஏற்றி மேடு ஏறும்போது பத்துப் பதினைந்து நிமிடத்தில் இருமும், திணறும், பின் நின்றுபோகும். ஓட்டுநர் இறங்கி ஒரு வெற்றிலை போட்டுவிட்டு வந்தால் மறுபடியும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நிற்கும். "வண்டிக்குப் பேய் பிடிச்சிருச்சு" என்பார்கள் சிலர். "கொயில் சூடாகிப் போச்சு" என்று புதுக் கொயில் வாங்கப் போவார்கள் இன்னும் சிலர்.

பேயும் இல்லை, பெரும்பாலும் கொயிலும் இல்லை. காபரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. இஞ்சின் குடிக்கும் பெற்றோல் அதிலிருந்துதான் போகிறது. சும்மா ஓடும்போது இஞ்சின் கொஞ்சமாகத்தான் குடிக்கும். அடைத்த வடி வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்தாலும் கிண்ணம் நிறைந்தே இருக்கும். பாரம் இழுக்கும்போது குடிப்பது கூடும், வருவது போதாது, கிண்ணம் வற்றும். வெற்றிலை போட்ட நேரத்தில் கிண்ணம் மறுபடி நிறைந்துவிடுகிறது.

கொயில் கோளாறையும் இதையும் பிரித்தறிய வழி இருக்கிறது. கொயிலில் மின்சாரம் போனால் வண்டி சுவிட்சை அணைத்தது போல சட்டென்று நிற்கும். பெற்றோல் குறைந்தால் இருமி இருமித்தான் சாகும். அந்த நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் சிறிது உயிர் வரும். அப்படி வந்தால் பணத்தைக் கொயிலில் போடாதீர்கள்.

அடுத்தது சோதனை. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, வெட்ட வெளியில், பீடி சிகரெட் இல்லாமல் செய்ய வேண்டியது இது. லயத்து அடுப்புக்கு மேல் பக்கமாக வண்டியை வைத்துக்கொண்டு ஒருபோதும் செய்யக்கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப்போல அதுவும் பள்ளத்தைத் தேடி ஓடும். காபரேட்டரின் அடியில் உள்ள வடிகால் ஆணிக்குக் கீழே சுத்தமான தகரம் ஒன்றை வைத்து, ஆணியைக் கழற்றி, பைப்பைத் திறவுங்கள். கிண்ணத்தில் இருந்தது முதலில் வேகமாக வரும், அதை நம்பாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பென்சில் பருமனில் நிற்காமல் வந்தால் வழி சுத்தம். நூலாக மெலிந்தாலோ சொட்டத் தொடங்கினாலோ எங்கோ அடைப்பு. இந்த அளவு இஞ்சின் முழுப் பாரம் இழுக்கும்போதுகூட மணிக்கு ஏழெட்டு லீற்றர்தான் குடிக்கும். நிமிடத்துக்கு ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பை அளவு. அதுகூட வராத வடி எவ்வளவு அடைத்திருக்க வேண்டும்!

தாரை மெலிந்த அந்த நேரத்திலேயே தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். உடனே வேகம் வந்தால் பில்டரைத் தொடவே வேண்டாம், குற்றவாளி மூடிதான். மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு துளை மட்டும் போட்டு ஊற்றினால் குடுக் குடுக் என்று திணறும், மறுபக்கம் இன்னொரு துளை போட்டால் ஒழுங்காக ஊற்றும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தாங்கி மூடியில் உள்ள ஊசித்துளை அந்த இரண்டாவது துளை. சேறும் பெயின்டும் அதை அடைத்துவிடும். மூடி தொலைந்துபோனால் நம் ஆட்கள் ஷொப்பிங் பேக்கை வைத்து இறப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். காற்று போக வழியே இல்லை. பழந்துணியைச் செருகினால் காற்று போகும், ஆனால் மழைத் தண்ணீரும் துணி நூலும் கூடவே போகும். சரியான மூடி வாங்குவது ஒன்றுதான் வழி.

மூடியில் குற்றம் இல்லை என்றால், பீலிக்காரர் மேலே ஏறிப்போவதுபோல நாமும் கீழிருந்து மேலே போக வேண்டும். காபரேட்டரில் குழாயைக் கழற்றுங்கள். குழாயில் நன்றாக வந்தால் காபரேட்டர் வாசலில் அடைப்பு. போர்ட் 'என்' வண்டிகளில் அந்த முழங்கை மூட்டுக்குள் விரல் நுனி அளவில் ஒரு வலை ஒளிந்திருக்கும். பலர் அது இருப்பதே தெரியாமல் வருடக்கணக்காக ஓட்டுவார்கள். குழாயிலும் வராவிட்டால் அடைப்பு கண்ணாடிக் கோப்பையில், அல்லது தாங்கியில். கோப்பைக்கு மேலே ஒரு வட்ட வலை உண்டு. தேத்தண்ணி வடியில் தூள் படிந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் துரு படிந்திருக்கும். போர்ட் வண்டியில் தாங்கிக்குள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் குழலிலும் ஒரு வலை. ஆக மூன்று வடி. கோப்பையை மட்டும் கழுவிவிட்டு "நான் பில்டர் கிளீன் பண்ணிட்டேன்" என்று சொல்வது மூன்றில் ஒரு வேலைதான்.

கோப்பையின் அடியில் தேங்கியிருப்பதையும் கவனியுங்கள். அடியில் முத்துப்போல உருண்டு நிற்பது தண்ணீர். மலைநாட்டுக் குளிரில் பாதி காலியான தாங்கிக்குள் இரவில் காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும். வேலை முடிந்து நிறுத்தும்போது தாங்கியை நிறைத்து வைத்தால் இது குறையும். செம்மண் போல இருப்பது துரு. 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்ற காலத்தில் கிடைத்த கேனில் எல்லாம் பெற்றோல் சேர்த்து வைத்தோம்; கேனின் அடிவண்டலையும் சேர்த்துத் தாங்கியில் கவிழ்த்த வண்டிகள் எத்தனையோ.

கோப்பையைத் திரும்ப மாட்டும்போது கார்க் வாசரைக் கவனமாக வையுங்கள். கார்க் காய்ந்து வெடித்திருந்தால் புதியது போட வேண்டும். சைக்கிள் டியூபில் வெட்டிய வாசர் வேண்டவே வேண்டாம். டியூப் இறப்பர் பெற்றோலில் ஊறி உப்பி, நெளிந்து, வழியையே மூடிவிடும். குழாய்க்காரர் சுற்றுகிற வெள்ளை நாடாவும் ஆகாது. அதன் பிசிர் உள்ளே போய் காபரேட்டரின் ஊசித்துளையில் உட்கார்ந்துகொள்ளும். கோப்பையை விரலால் இறுக்கினால் போதும். பிளையர் போட்டால் கண்ணாடி கீறும், கீறிய கண்ணாடியிலிருந்து சொட்டும் பெற்றோல் சூடான இஞ்சின் பக்கம்தான் விழும். பிறகு பில்டர் கவலை இருக்காது, வண்டியே இருக்காது.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருவோம். துரு அடிக்கடி வருகிறது என்று கண்டவுடன் பலர் செய்யும் வைத்தியம், கடையில் கிடைக்கும் காருக்குரிய காகித பில்டர் ஒன்றைக் குழாயை வெட்டி நடுவில் மாட்டுவது. பார்க்க நன்றாக இருக்கும், விலையும் பெரிதில்லை. ஆனால் அது பம்ப் தள்ளுகிற வண்டிக்காகச் செய்யப்பட்டது. அரை இறாத்தல் அழுத்தத்தில் அந்தக் காகிதத்தை ஊடுருவிப் போவதே பாடு. அதில் ஒரு காற்றுக் குமிழ் உட்கார்ந்துவிட்டால் அழுத்தம் அதை நகர்த்தாது. மாட்டுவதற்காகக் குழாயை மேலே வளைத்து இறக்கினால் மேட்டில் காற்றுத் தங்கும். தண்ணீர்க் குழாயில் நாம் பார்க்கிற அதே காற்று அடைப்பு. இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் குழாய் போனால் பெற்றோல் அங்கேயே ஆவியாகும். இப்படி, வண்டியைக் காப்பாற்ற மாட்டிய பில்டரே வண்டியை நிறுத்துகிறது. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பம்ப் இல்லாத சின்ன இஞ்சின்களுக்கென்று வரும் வலை பில்டரை வாங்கி, பெற்றோல் கீழ்நோக்கிப் பாயும்படி சரிவாக மாட்டுங்கள். எங்கள் எண்ணத்தில் அதுவும் தற்காலிகம்தான். துரு இருப்பது தாங்கியில். கழுவ வேண்டியதும் தாங்கியைத்தான்.

தாங்கியைக் கழற்றி, பெற்றோலை முழுதாக வடித்து, சவர்க்காரத் தண்ணீரும் சிறு சங்கிலித் துண்டும் போட்டுக் குலுக்கினால் பெரிய துரு உதிரும். மீதிக்கு வினாகிரி ஊற்றி இரண்டொரு நாள் விட்டு, நன்றாக அலசி, உடனே வெயிலில் காயவைக்க வேண்டும். ஓட்டை இருந்தால் வெல்டிங் வேலையை லயத்து முற்றத்தில் செய்ய விடாதீர்கள். காலித் தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதற்குள் இருப்பது ஆவி. வடித்த பெற்றோலைக் கானிலும் பீலிப் பக்கத்திலும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் இறக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் போதும், ஆள் ஆஸ்பத்திரியில். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நெஞ்சுக்குள் போகும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இவ்வளவும் ஏன் விரிவாகச் சொல்கிறோம் என்றால், சமவெளி வயலில் நின்ற டிரக்டர் சும்மா நின்ற டிரக்டர். மலை றோட்டில் பெட்டியோடு நின்றது அப்படி இல்லை. சாக்கில் திணித்த கொழுந்து வெந்து சிவக்கும், அதற்கு மடுவத்தில் பேச்சு வாங்குவது கொழுந்து எடுத்த அக்காமார். அதைவிடப் பெரியது, பெட்டியில் பெரும்பாலும் பிரேக் இருக்காது, சாக்கு மேல் ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். இஞ்சின் இருமும்போதே ஓட்டுநர் ஓரம் கட்ட வேண்டும். மேட்டில் நின்றுவிட்டால் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுக்காதீர்கள். பிரேக்கை மிதித்துப் பூட்டி, கியரிலேயே விட்டு, எல்லோரையும் இறக்கி, டிரக்டருக்கும் பெட்டிக்கும் பின் சில்லுகளில் கல் வைத்த பிறகுதான் கண்ணாடிக் கோப்பையைப் பார்க்க வேண்டும்.

லேண்ட் மாஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். அதில் ஓடுவது டீசல். கோப்பைக்குள் இருக்கும் காகித பில்டர் அந்த இஞ்சினுக்கென்றே செய்தது, அதைக் கழற்றி எறியக்கூடாது. கழுவி ஊதிப் பாவித்தால் காகிதம் கிழிந்து தூசி ஊசிப் பம்புக்குள் போகும். அந்தச் செலவு பெரிது. அடைத்தால் புதியது போடுங்கள். போட்ட பிறகு தாங்கியைத் திறந்து, காற்றெடுக்கும் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் சுத்த டீசல் வரும்வரை விட்டு, அதன் பிறகு இறுக்குங்கள்.