தேசவிரதமும் செல்பேசியும்

சென்ற கார்த்திகையில் ஒரு நாள், தாம்பரத்தில் நம் தெருவிலேயே வசிக்கும் இளம் சிராவகி ஒருவர் நம் இல்லம் வந்து கண்கலங்கினார். "நாலரைக்கு எழுகிறேன் டீச்சர், பதினொன்றுக்குப் படுக்கிறேன். ஒரு வேலையாவது முடிந்தது என்ற நிம்மதி இல்லை. பொழுது சாயுமுன் உண்ணும் நியமமும் போயிற்று" என்றார்.

இறுதிக் குறை எளிது. கார்த்திகையில் சென்னையில் மாலை 5.40 அளவிலேயே ஞாயிறு மறைந்துவிடும். கிண்டி அலுவலகம் விட்டு மின்ரயில் பிடித்து வீடு சேருமுன் இருட்டிவிடும். ஐந்து மணிக்கே டப்பாவைத் திறந்துவிடுங்கள் என்றோம்.

மற்றதற்கு, பயிற்சி மாணவியரைப் பாடக்குறிப்பு எழுதச் சொல்வதுபோல், ஒரு நாளை எழுதிவரச் சொன்னோம். கொணர்ந்த தாளில் வேலைகள் அளவுகடந்து இல்லை. ஆனால் ஒவ்வொரு வேலைக்குள்ளும் வேறொன்று புகுந்திருந்தது: சமைக்கையில் அலுவலக அழைப்பு, ரயிலில் பள்ளிச் செய்தி, பிள்ளைக்குப் பாடம் சொல்கையில் மீண்டும் அலுவலகம்.

இல்லறத்தாரின் பன்னிரு விரதங்களுள் தேசவிரதம் இங்கே எண்ணத்தக்கது. திக்விரதம் வாழ்நாளுக்கு வகுக்கும் எல்லை. அதனை ஒரு நாள், ஒரு மாதம் எனக் காலம் குறித்து, இல்லம், தெரு, ஊர் அளவில் மேலும் சுருக்குவது தேசவிரதம். (சமந்தபத்திரர் இதனைச் சிட்சாவிரதங்களுள் வைப்பார், அவ்வேறுபாடு ஈண்டு வேண்டா.) தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் இதற்கு ஐந்து அதிசாரங்கள் கூறுகிறார். எல்லைக்குள் அமர்ந்தவாறே வெளியிலிருந்து பொருளை வருவித்தல், வெளியே ஆளை ஏவுதல், குரல் எழுப்பி உணர்த்துதல், உருவைக் காட்டி உணர்த்துதல், கல் முதலியன எறிந்து உணர்த்துதல் என்பன அவை. மூன்றாவது சப்தானுபாதம், நான்காவது ரூபானுபாதம். செல்பேசியையும் காணொளி அழைப்பையும் கண்டு எழுதியது போலன்றோ இருக்கிறது! கால் தாம்பரத்து அடுப்படியில். குரலும் உருவும் கிண்டியில்.

எல்லைக்கு அப்பால் நிகழும் தீவினைக்கு நாம் காரணமாகாதிருத்தலே இவ்விரதத்தின் நோக்கம். நேரம் மிச்சம் பிடிப்பதன்று. ஆயினும் எல்லை கடந்த மனம் எத்துணை அலைவுறும் என்பதை முன்னோர் நுணுகி அறிந்திருந்தனர்.

அச்சிராவகிக்கு ஒரு முகூர்த்தம் மட்டுமே குறித்தோம். அஃதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். இரவு 7 மணி முதல் வீட்டு வாயிற்படியே எல்லை, செல்பேசி அலமாரியில். மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைந்தால் அச்சமே மிகும். மருத்துவமனைப் பணியில் இருப்போர்க்கு இந்நேரம் பொருந்தாது; அவர்கள் தமக்கேற்ற பொழுதைத் தேர்க.

முதல் வாரத்தில் மூன்று நாள் தவறியதாம். தை பிறந்தபின் வந்தவர், பிள்ளையின் வாய்ப்பாட்டை முழுதும் கேட்க முடிந்தது என்றார். வேலை குறையவில்லையாம், இரவு பத்துக்குமேல் கணினி முன் அமர்வதும் அப்படியேதான்.

நம் நிலையையும் ஒளிக்கலாகாது. அயல்நாட்டிலுள்ள பேரன் நம் சாமாயிகப் பொழுதிலேயே காணொளியில் அழைக்கிறான். மணி ஒலித்ததும் கை ஜபமாலையை வைத்துவிடுகிறது. நேரத்தை மாற்றுமாறு அவனிடம் இன்னும் சொல்லவில்லை.