ஜெராக்ஸ் எடுத்த குரங்கு!

நகல் எடுப்பதையே நாம் 'ஜெராக்ஸ்' என்றுதான் சொல்கிறோம். அது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். 1959-ல் அவர்கள் '914' என்ற நகல் மெஷினைக் கொண்டுவந்தார்கள். எடை கிட்டத்தட்ட 300 கிலோ! 9-க்கு 14 அங்குலத் தாள் வரை நகல் எடுக்கும், அதனால்தான் அந்தப் பெயர்.

அதற்கு டி.வி.யில் வந்த விளம்பரத்தைக் கேளுங்க. ஒரு சின்னப் பெண் அப்பாவின் ஆபீசில் பட்டனை அழுத்தி நகல் எடுக்கிறாள். அடுத்து வந்த விளம்பரத்தில் அதே வேலையை ஒரு சிம்பன்சி செய்கிறது!

சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா அங்கே நகல் எடுக்கும் வேலை பெரும்பாலும் பெண் செக்ரட்டரிகளுடையது. மறுநாள் மெஷின் மேல் வாழைப்பழம் வைத்து அவர்களைக் கேலி செய்தார்களாம். புகார் போனது, விளம்பரமும் நின்றது. 'ரொம்ப சுலபம்' என்பது மெஷினுக்குப் புகழ்ச்சி. அதை இயக்குகிறவருக்கோ, 'உனக்கு மூளையே வேண்டாம்' என்று சொல்வது போல. இதுதான் எனக்கு உறுத்தியது.

இது டைப்ரைட்டர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1874-ல் ரெமிங்டன் விற்ற முதல் டைப்ரைட்டரில் பூப்படங்கள் இருந்தன, ஸ்டாண்டும் தையல் மெஷின் மாதிரி. (தையல் மெஷினும் அவர்கள் செய்தார்கள்.) 1875 கிறிஸ்துமஸ் சமயத்து விளம்பரம், ஏழைப் பெண்ணுக்கு இதைப் பரிசளித்தால் அவள் சம்பாதித்துப் பிழைப்பாள் என்றது. இரக்கத்தைத் தொட்டு வியாபாரம்! முழுக்கப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். 1910 வாக்கில் அமெரிக்க டைப்பிஸ்ட்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆபீஸ் கதவு திறந்தது நிஜம்தான். ஆனா டைப் அடிப்பது 'பொம்பளைங்க வேலை' என்ற முத்திரையும் கூடவே விழுந்தது.

மோசமானது 1947-ல் வந்தது. பிட்னி போஸ் கம்பெனி, தபால்தலை ஒட்டாமல் கவரில் கட்டண முத்திரை குத்தும் மெஷினை விற்றது. விளம்பரத்தின் தலைப்பு: 'ஒரு பெண்ணைக் கொல்வது எப்போதுமே சட்டவிரோதமா?' பத்திரிகையில் அச்சான விளம்பரம் இது! கதை என்னவென்றால், முதலாளி இந்த மெஷினை வாங்குகிறார். அவருடைய ஸ்டெனோ, மெஷின் என்றாலே தனக்குக் குழப்பம் என்று தொட மறுக்கிறாள். முதலாளிக்குக் கோபம். கடைசியில் அவளுக்கு அது பிடித்துப்போய், கைப்பிடியில் ரோஸ் கலர் ரிப்பன் கட்டிவிடுகிறாள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஸ்டெனோ நாள் முழுக்க உட்கார்ந்து அடிக்கிற டைப்ரைட்டர் மெஷின் இல்லாமல் வேறென்னவாம்?