ஆக்சிஜன் வரியை முதலில் படியுங்கள்

பழைய பெட்ரோல் பங்க் மனையில் மண்வாயு எடுத்து லேபுக்கு அனுப்பி, "பென்சீன்: கண்டறியப்படவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் உடனே யாருக்கும் போன் போடாதீர்கள். அதே தாளில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பாருங்கள். அது 20.9 சதவீதத்தை ஒட்டியும், கார்பன் டை ஆக்சைடு 0.04-ஐ ஒட்டியும் இருந்தால் நீங்கள் அனுப்பியது மண்ணுக்குள் இருந்த காற்று இல்லை; டி.டி.கே. சாலைக் காற்று.

ஆழ்வார்பேட்டையில் எனக்கு வந்த ரிப்போர்ட் அப்படிப்பட்டதுதான். பங்கை மூடி, டேங்கைத் தோண்டி எடுத்து, குழியில் மணலைக் கொட்டி நிரவிய மனை. அடுக்குமாடி வரப்போகிறது. "பென்சீன் இல்லை" என்ற வரியைப் பார்த்ததும் பில்டர் ஆட்கள் அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். சோதனையை எடுத்துச் செய்த நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு இரண்டையும் சோதனைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னதே நான்தான். கூடுதல் செலவு என்று அதற்கும் முணுமுணுத்தார்கள். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் அந்தப் பூஜ்யத்தை நம்பியே அஸ்திவாரம் போட்டிருப்பார்கள்.

கோளாறு எங்கே ஆரம்பித்தது என்பதைச் சொல்கிறேன். என் கொட்டேஷனில் ஹீலியம் கசிவுச் சோதனை என்று ஒரு வரி இருந்தது. சைட் இன்ஜினியர் அதைப் பேனாவால் அடித்தார்.

"மேடம், பலூனுக்கு அடிக்கிற கேஸுதானே? அதுக்கா இவ்ளோ பில்லு?"

"கசிவு இருந்தா எப்படி சார் தெரியும்?"

"அதான் லேப் சொல்லிடுமே."

லேப் சொல்லாது. வாயுவைப் பிடித்து அனுப்பிய கேனிஸ்டருக்குள் என்ன இருக்கிறது என்றுதான் லேபுக்குத் தெரியும். அது எந்த வழியாக உள்ளே போனது என்று தெரியாது. நடுவில் வெடிப்பு விட்ட ஸ்ட்ராவால் இளநீர் உறிஞ்சினால் வாய்க்கு வருவது பாதி காற்றுதான். வாயு எடுக்க மண்ணில் இறக்கிய புரோப்பைச் சுற்றிய அடைப்பு சரியில்லாவிட்டாலும் அப்படித்தான்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. புரோப் தரையைத் தொடும் இடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதற்குள் ஹீலியத்தை விட வேண்டும். குழாய் வழியாக மேலே வரும் வாயுவில் ஹீலியம் எவ்வளவு என்று மீட்டரில் பார்க்க வேண்டும். வாளிக்குள் 20 சதவீதம் இருக்கும்போது குழாயில் 1 சதவீதத்துக்கு மேல் வந்தால், அதாவது இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்த புரோப்பை நம்பாதீர்கள். பலூன்காரரிடம் சிலிண்டர் வாங்கவும் வேண்டாம். அந்த ஹீலியத்தில் வேறு கரிம வாயுக்கள் கலந்திருக்கலாம். நீங்கள் தேடுகிற பொருளை நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்ததாக ஆகிவிடும். லேப் தரத்தில் கேட்டு வாங்குங்கள்.

மறுபடி சைட்டுக்குப் போனபோது ஹீலியத்தோடுதான் போனேன். முதல் புரோப்பிலேயே மீட்டர் எகிறியது. அடைப்பை ஸ்க்ரூடிரைவரால் கிளறிப் பார்த்தேன். மேலே இரண்டு விரல் கனத்துக்குப் பெண்டோனைட் களிமண் நன்றாக ஊறிப் பிசுபிசுவென்று இருந்தது. அதற்குக் கீழே அத்தனையும் உலர்ந்த பொடி. துளை போட்ட ஆட்கள் மூட்டையைக் கவிழ்த்து, மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேல் அடுக்கு ஊறி உப்பியதும் அதற்குக் கீழே தண்ணீர் இறங்கவில்லை. கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். பைலிங் வேலை பார்க்கிற ஆட்களிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள். இதைச் செய்தவர்கள் போர்வெல் ஆட்கள். அன்றைக்கு மேற்பார்வைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருந்தேன். அதையும் அடித்திருந்தார்கள்.

"அப்படியானால் நீங்கள் அந்த வேலையை எடுத்திருக்கவே கூடாது" என்று தொழிலில் இருப்பவர்கள் சிலர் எனக்குப் பாடம் எடுத்தார்கள். நான் விலகியிருந்தால் அடுத்த ஆள் அதே பூஜ்யத்தை வாங்கி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருப்பார். எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

அடைப்பைச் சரிசெய்து எடுத்ததில் ஆக்சிஜன் 4 சதவீதத்துக்கு இறங்கியது, கார்பன் டை ஆக்சைடு 11-க்கு ஏறியது. பென்சீனும் வந்தது. பெட்ரோலைத் தின்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் உண்டு. தின்னத் தின்ன ஆக்சிஜன் தீர்ந்து கார்பன் டை ஆக்சைடு சேரும். அந்த இரண்டு எண்ணும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே இருந்த காற்று கைக்கு வந்தது என்று நம்பலாம்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். டெஃப்லான் அல்லது நைலான் குழாய். சிலிக்கான் குழாய் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். ஐந்தடிக்குக் குறையாத ஆழம். குழாயில் இருக்கும் பழைய காற்றைப் போல மூன்று மடங்கை வெளியேற்றிவிட்டுப் பிடியுங்கள். நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். கேனிஸ்டரில் கொஞ்சம் வெற்றிடம் மிச்சம் இருக்கும்போதே வால்வை மூடி, கேஜ் காட்டுவதை எழுதிவையுங்கள். லேபுக்குப் போய்ச் சேரும்போதும் அதே எண் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டி வேண்டாம். மார்க்கர் பேனா, சென்ட், ஓடுகிற ஜெனரேட்டர் எதுவும் பக்கத்தில் கூடாது. கேனிஸ்டர் 30 நாள் தாங்கும். அதற்குப் பதில் டெட்லர் பை என்றால் வெயில் படாமல் வைத்து, மூன்று நாளுக்குள் லேபில் சோதனையை முடிக்கச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் யார் அவசரப்படுத்தினாலும் இறங்காதீர்கள். நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும், கேனிஸ்டர் தண்ணீரைத்தான் குடிக்கும். மாசி, பங்குனிதான் தோது. அடுத்தது மழைநீர்க் குழி. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு உங்கள் மனையிலும் சுவரை ஒட்டி ஒன்று இருக்கக்கூடும். ஜல்லி போட்ட அந்தக் குழி வழியாக வெளிக்காற்று மண்ணுக்குள் இறங்கும். புரோப்பை அதிலிருந்து தள்ளி வையுங்கள்.

"பங்க் மூடி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னுமா இருக்கும்?" என்று உங்களிடமும் கேட்பார்கள். 2013-இல் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வந்ததைச் சொல்லுங்கள். பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். மண்ணுக்குள் போனது லேசில் போகாது. மேலே கான்கிரீட் தளம் போட்டு மூடினால் நுண்ணுயிர்களுக்குக் கிடைத்துவந்த ஆக்சிஜனும் குறையும். ஆவி தளத்துக்கு அடியில் தேங்கி, விரிசல் வழியாகக் குடியிருப்பவர் மூக்குக்கு வரும்.

லேபிடம் ஒரு கேள்வியைக் காசு கட்டும் முன்பே கேளுங்கள்: "கண்டறியப்படவில்லை என்றால் எந்த அளவுக்குக் கீழே?" வெளிக்காற்றில் பென்சீனின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009 முதல் நம் நாட்டு வரம்பு. இவ்வளவு சின்ன எண்கள் முக்கியமாகும்போது, உங்கள் லேபின் கருவிக்கு எவ்வளவு சின்ன அளவு வரை தெரியும் என்பது தெரியாமல் பூஜ்யத்துக்குப் பொருளே இல்லை. ஒரு லேப் எனக்கு இதற்குப் பதிலே சொல்லவில்லை, பில் மட்டும் சரியாக வந்தது.

அந்த மனையில் பொங்கலுக்குப் பூமி பூஜை என்று இருந்தது தள்ளிப்போனது. பழி என் மேல் விழுந்தது. மாசு மண்ணை அள்ளி அப்புறப்படுத்திய செலவுக்கு முன்னால் ஹீலியம் பில் எம்மாத்திரம் என்று அடித்த பேனாக்காரர்தான் கணக்குப் போட வேண்டும். உங்கள் கொட்டேஷனிலும் அந்த வரியை அடிப்பார்கள். அடிக்கட்டும், பக்கத்தில் அவர்கள் கையெழுத்தையும் தேதியையும் வாங்கி, ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே இணைத்துவிடுங்கள். கையெழுத்துக் கேட்டவுடனேயே ஹீலியத்துக்குப் பணம் வந்துவிடும்.