மஞ்சள் விசைகளின் முன் அமர்ந்திருக்கும் மருமானுக்கு

சிரஞ்சீவி குமரனுக்கு மாமன் ஆசீர்வதித்து எழுதுவது.

முதலீட்டு ஆராய்ச்சி உத்தியோகத்தில் சேர்ந்த முதல் நாளே உன்னைப் ப்ளூம்பெர்க் டெர்மினலின் முன் உட்கார வைத்துவிட்டார்கள் என்றும், கறுப்புத் திரையில் ஓடிய எழுத்துகளைப் பார்த்து இரண்டு மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தாய் என்றும் எழுதியிருந்தாய். படித்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே, நானும் ஒரு காலத்தில் அப்படி விழித்தவன்தான்.

ஒரு கருவி எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் அதன் விநோதங்களில் பாதி விளங்கிவிடும். 1981-இல் நியூயார்க்கின் சாலமன் பிரதர்ஸ் நிறுவனம் கைமாறியபோது, அங்கே கூட்டாளியாக இருந்து வேலையை இழந்த மைக்கேல் ப்ளூம்பெர்க், தம் பங்குக்குக் கிடைத்த சுமார் ஒரு கோடி டாலரை வைத்துக்கொண்டு, தரகர்களின் தொலைபேசியிலும் காகிதக் கட்டுகளிலும் மறைந்து கிடந்த கடன் பத்திர விலைகளைக் கணக்கிட்டுக் காட்டும் ஒரு யந்திரத்தைச் செய்ய முற்பட்டார். மெரில் லிஞ்ச் நிறுவனம் முதல் வாடிக்கைக்காரராக வந்து 20 யந்திரங்களை வாங்கிற்று. உன் விசைப்பலகையின் மேல் வரிசையைக் கவனி: அரசுப் பத்திரம், கம்பெனிப் பத்திரம், அடமானப் பத்திரம் என்று மஞ்சள் விசைகள் வரிசையாக வந்து, ஊரெல்லாம் பேசுகிற பங்குக்கான ஈக்விட்டி விசை ஏழாவதாகத்தான் நிற்கிறது. பிறந்த வீட்டின் வாசனை அது.

இனி அதன் பாஷை. தமிழ் வாக்கியத்தைப் போலவே இதிலும் பெயர் முன்னே வரும், வினை பின்னே வரும். ஆகையால் உனக்கு இது கஷ்டமாக இராது. டி.சி.எஸ். என்று தட்டி, இந்தியா என்பதற்கு ஐ.என். என்று சேர்த்து, ஈக்விட்டி விசையை அமுக்கி, டி.இ.எஸ். என்னும் மூன்றெழுத்தையும் தட்டிவிட்டு, முற்றுப்புள்ளி வைப்பதுபோல் பச்சை நிறக் 'கோ' விசையை அமுக்கினாயானால், அந்தக் கம்பெனியின் விவரக் குறிப்பு திரையில் வந்து நிற்கும். டி.இ.எஸ். இருந்த இடத்தில் ஜி.பி. என்றால் விலையின் வரைபடம், ஹெச்.பி. என்றால் நாள்வாரி விலை, எஃப்.ஏ. என்றால் வரவு செலவு அறிக்கைகள், சி.என். என்றால் செய்திகள். இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. அத்தனையும் மனப்பாடம் செய்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஐந்து போதும், மற்றவை தேவை வரும்போது தாமே வந்து சேரும். வழி தவறினால் சிவப்பு விசை. பி.எம்.சி. என்று தட்டினால் ஒரு பாடத்திட்டமும் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கு உகந்தது.

ஹெல்ப் விசையை ஒரு முறை அமுக்கினால் அந்தத் திரையைப் பற்றிய விளக்கம் கிடைக்கும், இரு முறை அமுக்கினால் பதில் சொல்ல ஒரு மனிதரே கிடைப்பார். ஆண்டுக்கு 20,000 டாலருக்கும் மேல் வாடகை வாங்குகிற யந்திரத்தினிடம் கேள்வி கேட்க வெட்கப்படுவானேன்?

ஆனால் நான் இவ்வளவு நீளக் கடிதம் எழுத உட்கார்ந்தது விசைகளுக்காக அல்ல. திரையில் ஓர் எண் தோன்றினால், அது எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதிக்கு, எப்படித் திருத்தப்பட்டு வந்தது என்று விசாரிக்காமல் அதைத் தொடாதே. முதலில் பெயரிலேயே சங்கடம் உண்டு: இன்ஃபோசிஸ் கம்பெனியின் குறி தேசிய பங்குச் சந்தையில் ஐ.என்.எஃப்.ஒய்., நீ உட்கார்ந்திருக்கும் திரையிலோ ஐ.என்.எஃப்.ஓ. அதே கம்பெனி 2018 செப்டம்பரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தது. அப்போது பங்கின் எண்ணிக்கை இரட்டித்து விலை பாதியாயிற்றே தவிர, யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. தலை நரைத்து, இத்தொழிலில் எல்லாம் அறிந்தவன் என்று பெயரும் எடுத்த பிறகு, போனஸுக்குத் திருத்திய விலைகளை ஓரிடத்திலும் திருத்தாதவற்றை வேறோரிடத்திலும் எடுத்து ஒரே அட்டவணையில் சேர்த்து, அந்தப் பங்கு பாதிக்குப் பாதி சரிந்ததென்று ஒரு கூட்டத்தில் உபந்நியாசம் செய்தவன் உன் மாமன். அங்கிருந்த இளம்பெண் ஒருத்தி மெதுவாக எழுந்து, "போனஸை மறந்துவிட்டீர்களா, ஐயா?" என்று கேட்டாள். அன்று முதல் டி.பி.டி.எஃப். என்று தட்டி, விலைத் திருத்தம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்காமல் நான் எந்த வரைபடத்தையும் நம்புவதில்லை.

இது நாம் செய்யும் பிழை. எண்ணைக் கொடுத்தவனே பொய் சொன்னால் யந்திரம் என்ன செய்யும்? சத்யம் கம்ப்யூட்டர்ஸின் கணக்குப்படி 2008 செப்டம்பர் இறுதியில் ரொக்கமும் வங்கி இருப்புமாக இருந்த 5,361 கோடி ரூபாயில், 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று தம் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். கம்பெனி அச்சிட்டுக் கொடுத்ததைத்தான் திரைகள் காட்டும். ஊரில் உள்ள அத்தனை பேருடைய திரையிலும் ஒரே எண் இருப்பது அந்த எண்ணுக்குச் சாட்சி ஆகாது. வட்டி வருமானம் அவ்வளவு பெரிய இருப்புக்குப் பொருந்துகிறதா என்று காகிதத்தில் வகுத்துப் பார்க்கிற வேலை, விசைப்பலகையில் எந்த நிறத்திலும் இல்லை.

ஆகவே இந்த வாரம் புதிய விசை எதையும் கற்காதே. உனக்குப் பிடித்த ஒரே ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எஃப்.ஏ. திரையில் உள்ள விற்பனை, லாபம், கடன் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார். பல நாட்டுக் கம்பெனிகளையும் ஒரே அச்சில் வார்ப்பதற்காக யந்திரம் சில தலைப்புகளை மாற்றி அடுக்கும். ஆகையால் சில எண்கள் பொருந்தாமல் போகலாம். அவை எவை, ஏன் பொருந்தவில்லை என்று சனிக்கிழமைத் தபாலில் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மாமன்