பிரேக் டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: காரின் முன்சக்கர பிரேக் பேடையும் டிஸ்க்கையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு முடியும். மாருதி ஸ்விஃப்ட் போன்ற கார்களின் முன்சக்கர பிரேக் எளிய அமைப்புதான். ஆனால் வெறும் ஜாக்கியை நம்பிச் சக்கரத்தைக் கழற்றவே கூடாது. ஸ்டாண்ட் கொடுத்தே ஆகவேண்டும்.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். கழற்றிய காலிப்பரை ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது டிஸ்க் உட்காரும் ஹப்பில்தான். அங்கே துளி துரு தங்கினாலும் புது டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்து, நாளடைவில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறும். துருவைச் சுரண்டியெடுங்கள். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயையும் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள்.

எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள பின்சக்கரங்களுக்குப் பல கார்களில் ஸ்கேனர் தேவை. அதை மெக்கானிக்கிடமே விடுவது நல்லது.

எல்லாம் மாட்டியபின், பெடல் கெட்டிப்படும்வரை பலமுறை மிதியுங்கள். புது பேடுக்கு இடம்விட காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதிக்கு பிரேக் பிடிக்காது. பெடல் கெட்டிப்படும் முன் வண்டியை ஓரடிகூட நகர்த்தாதீர்கள்.