மாட்டுச் சந்தைக்கு அடித்த யோகம்

கேள்வி: ஏப்ரலில் மகனோடு ஸ்பெயின் போனபோது செவில் நகரத் திருவிழா பார்த்தோம். தெருத் தெருவாகப் பட்டை போட்ட கூடாரங்கள், உள்ளே ஒரே ஆட்டமும் கைதட்டலும். ஆசையாக நுழையப் போனால், வாசலில் நின்றவர் சிரித்துக்கொண்டே மறித்துவிட்டார். திருவிழா என்றால் எல்லோருக்கும் பொதுவில்லையா? இது எப்படித் தொடங்கியது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கோபப்படாதீர்கள் அம்மா. நீங்கள் போனது கோயில் திருவிழாவுக்கு அல்ல, மாட்டுச் சந்தைக்கு. ஈரோட்டுக்காரரிடம் சந்தையைப் பற்றி நான் விளக்கவா வேண்டும்?

1846-ல் செவில் நகரசபை உறுப்பினர்கள் இருவர், மூன்று நாள் கால்நடைச் சந்தை கூட்ட அனுமதி கேட்டார்கள். ஒருவர் ஹோசே மரியா இபார்ரா, இன்னொருவர் நர்சிசோ போனப்லாட்டா. முன்னவர் பாஸ்க் பகுதிக்காரர், பின்னவர் கத்தலோனியர். செவில்காரர்கள் மார்தட்டிக்கொள்ளும் விழாவைத் தொடங்கிவைத்தவர்கள் இரண்டு அசலூர்க்காரர்கள்! அரசி இரண்டாம் இசபெல் சம்மதிக்க, 1847 ஏப்ரல் 18 அன்று முதல் சந்தை கூடியது. அன்று இருந்த கூடாரங்கள் 19.

உங்களை மறித்த வாசலின் கதை அந்தக் கூடாரத்தில்தான் இருக்கிறது. 'கசேத்தா' என்பார்கள். வியாபாரி வெயிலுக்கு ஒதுங்க, பேரம் படிந்தால் வாங்கியவரோடு உட்கார்ந்து ஒரு வாய் ஒயின் குடிக்க என்று போட்ட பந்தல் அது. வியாபாரம் தேய்ந்தது, குடியும் கூத்தும் வளர்ந்தன. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கசேத்தாக்கள்; பெரும்பாலானவை குடும்பங்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும் சொந்தம். புதிதாக ஒன்று கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் ஊரில் தெரியாத கல்யாணத்துக்குள் போய்விட்டாலும் இலை போட்டுவிடுவார்கள். அங்கே உள்ளே இருப்பவர் யாராவது 'இவர் நம்ம ஆள்' என்று சொன்னால்தான் வழி.

பெண்கள் உடுத்தியிருந்த அடுக்கடுக்கான ஃப்ரில் உடையைக் கவனித்திருப்பீர்கள். இப்போது அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆரம்பத்தில் அது தரகர்களின் மனைவிமாரும் ஜிப்ஸிப் பெண்களும் சந்தைக்கு உடுத்தி வந்த சாதாரணப் பருத்தி அங்கி. (ஜிப்ஸிகளின் முன்னோர் வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) அதன் அழகைப் பார்த்துப் பணக்கார வீட்டுப் பெண்களும் தைத்துக்கொண்டார்கள். 1929-ல் செவிலில் நடந்த இபெரோ-அமெரிக்கக் கண்காட்சிக்குப் பிறகு அது கௌரவ உடையாகவே ஆகிவிட்டது. ஏழை உடுத்தினால் துணி, பணக்காரர் உடுத்தினால் பாரம்பரியம்!

உங்கள் செருப்பில் ஒட்டிய மஞ்சள் மண்ணுக்கு 'அல்பேரோ' என்று பெயர். காளைச் சண்டை அரங்கில் பரப்புவதும் அதே மண்தான். விழாத் தெருக்களுக்கும் காளைச் சண்டை வீரர்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். இடம் போதாமல் 1973-ல் விழா ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லோஸ் ரெமேதியோஸுக்கு மாறியது. மாடுகள் அதற்கு முன்பே விடைபெற்றுவிட்டன. குதிரைகள் மட்டும் அலங்கார வண்டிகளை இழுத்துக்கொண்டு பகலெல்லாம் சுற்றுகின்றன.

அடுத்த முறை போனால் நகரசபையும் வட்டாரங்களும் நடத்தும் பொதுக் கசேத்தாக்களைத் தேடுங்கள். அங்கே யாரும் மறிக்க மாட்டார்கள். பொரித்த மீன் சாப்பிடுங்கள். 'ரெபுஹீத்தோ' என்று ஒரு பானம் நீட்டினால் மட்டும் ஜாக்கிரதை: எலுமிச்சை சோடா போல இனிக்கும், உள்ளே ஒயின் இருக்கும்.